பன்னிரண்டு பக்கம் முடிந்தால் திறக்கும்

பிற்பகல் மூன்று மணி. சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் தார்ச்சாலை. ஆளில்லை, வண்டியில்லை... ஒரு காக்கை கூட இல்லை.

பேய்க் கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மத்தியான வெயிலில் ஆரம்பிக்கிறானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். இருட்டினால்தான் வர வேண்டும் என்று அதுகளுக்கு யார் சட்டம் போட்டார்கள்? விளக்கைத் தணித்தாயிற்று, எல்லோரும் ஒட்டி உட்கார்ந்தாயிற்று. இனி பேசாமல் கேளுங்கள். நடுவில் "அப்புறம்?" என்று யாராவது அவசரப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சாலையில் ஓர் அம்மாள் நடந்து போய்க்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கையில் பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலம். அச்சகத்துக்குப் போக வேண்டிய நாவல் அதற்குள் இருந்தது. தோளில் கைப்பை, அதற்குள் ஒரு சாவி. திடீரென்று நின்றார். சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினார். சுவர் எட்டவில்லை... அவ்வளவுதான்.

ஐந்தரை மணிக்கு வேலை முடிந்து வந்த காவலாளி ஒருவர்தான் பார்த்தார். அதற்குள் உடம்பு விறைத்துவிட்டது. அந்தச் சாவிக்குரிய பூட்டோ வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்கு உள்ளே அவருடைய கணவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

என் நண்பன் ஒருவனின் சொந்தப் பெரியப்பா, பெரியம்மா அவர்கள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொல்லும்போது சிவக்கவில்லை.

பெரியப்பா எழுத்தாளர். சும்மா எழுத்தாளர் இல்லை, மாதம் நாலு நாவல். சொந்தக்காரர்கள் அவருக்கு "மாசம் நாலு" என்றே பெயர் வைத்திருந்தார்கள். பூமிக்கு அடியில் ஏழு அடுக்கு ராஜ்ஜியம், தலையில்லாத ராணி, பேசுகிற கிணறு... எல்லாம் அவர் கைவேலை. ஐஸ் ஃபேக்டரியில் குமாஸ்தாவாக இருந்தபோது சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் முதல் கதையை எழுதினார். ஐஸ் கட்டிக்குள்ளிருந்து ஒரு கண் பார்க்கிற கதை. அது வெளிவந்த மாதமே வேலையை விட்டார். அறுபத்திரண்டு வயதில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே பிளாட்பாரம், சலூன் என்று அவர் புத்தகம் கிடக்காத இடமில்லை.

இத்தனைக்கும் மனிதர் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பார். குடும்பத்தில் யாருக்காவது அவரோடு மனஸ்தாபம் வந்தால் உடனே ஓடி வந்து சமாதானமாகிவிடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதப் புத்தகத்தில் கிணற்றுக்குள் போக வேண்டுமே. குடையை வாங்கிப் போய்த் திருப்பித் தராத ஒரு மச்சானை மூன்று நாவலில் மூன்று விதமாகக் கொன்றிருக்கிறார்.

அவரிடம் ஒரே குறை, உட்கார மாட்டார். பேனாவை எடுத்தால் டீ நினைவு வரும். டீக்கடைக்குப் போனால் ஊர் வம்பு. ஒரு முறை அட்டைப்படம் அச்சாகி, விளம்பரமும் வந்துவிட்டது, கதையைக் காணோம். அட்டையில் கல்லறைக்குள்ளிருந்து பச்சை நிறத்தில் ஒரு கை நீள்கிறது. அது யாருடைய கை என்று எழுத வேண்டியவருக்கே தெரியாது. பதிப்பாளர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவமானம் தாங்காமல் பெரியப்பா தானே ஒரு பூட்டை வாங்கி வந்து மனைவி கையில் கொடுத்தார்.

"மத்தியானம் ஒரு மணிக்கு என்னை உள்ள வச்சுப் பூட்டிடு. பன்னிரண்டு பக்கம் முடிச்சாத்தான் திறக்கணும். நான் கத்தினாலும் திறக்காதே."

இருபத்தாறு வருஷம்... ஒரு நாள் தவறவில்லை. ஒரு மணிக்குப் பூட்டுவார், வெளியே ஸ்டூல் போட்டுப் பெரியம்மா உட்காருவார். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. எழுத எழுத அவர் தாளைத் தள்ளுவார், பெரியம்மா இழுத்துக்கொள்வார். அவர் கையெழுத்து அச்சகத்தில் ஒருவருக்கும் புரியாது, பெரியம்மாதான் மணிமணியாகப் பிரதி எடுப்பார். அவசரமாக எங்கேயாவது போக வேண்டியிருந்தால் போய்விட்டு ஆறு மணிக்குள் வந்து திறப்பார். மூன்று பத்திரிகையில் மூன்று தொடர்கள் ஒரே நேரத்தில் ஓடும். எந்தக் கதையில் யார் செத்தார்கள் என்பதெல்லாம் பெரியம்மா நினைவில்தான்.

"ஏங்க, அந்த டாக்டர் போன வாரமே செத்துட்டாரே. இப்ப எப்படி மாடிப்படி ஏறி வர்றாரு?" என்று வெளியிலிருந்து கேட்பார்.

உள்ளே நாற்காலி ஒரு முறை கிறீச்சிடும்.

"பேயா வர்றார்னு போட்டுக்கோ."

அவருடைய பேர்பெற்ற டாக்டர் பேய் இப்படித்தான் பிறந்தது. சிரியுங்கள், சிரியுங்கள். இதற்கு மேல் சிரிக்க இடம் வராது.

அந்த வீட்டில் சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா உள்ளே இருப்பார். ஆறு மணிக்கு வெளியே வந்தாலும் அவர் கண்ணில் இவள் பட மாட்டாள், மனிதர் இன்னும் கதைக்குள்ளேயே இருப்பார். சின்ன வயதில் படம் வரைந்து கதவுக்கு அடியில் தள்ளுவாள். அதன் பின்பக்கம் ஒரு கொலையை எழுதி அவர் வெளியே தள்ளுவார். கொஞ்ச நாளில் அவள் நிறுத்திக்கொண்டாள். வளர்ந்து, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் போய், வேறு தெருவில் தனி வீடு எடுத்தாள். அப்பாவின் ஒரு புத்தகத்தைக் கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

அம்மா விழுந்த அன்று ஆறரைக்கு அவளுக்குத் தகவல் வந்தது. கைப்பை காவல் நிலையத்தில் இருந்தது, சாவி அதற்குள். அப்பா பூட்டிக் கிடக்கிறாரே என்று வாங்கிக்கொண்டு ஓடினாள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா வெளிய வந்தீங்க?"

"உங்கம்மாதான் திறந்தா. ஆறு மணிக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டா... பக்கத்தையெல்லாம் வாங்கிக்கிட்டா... டக்குனு திறந்துச்சு. வெளிய வந்து பார்த்தா ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பா. ஏன்?"

ஸ்டூல் மேல் பன்னிரண்டு தாளும் ஓரம் தட்டி அடுக்கியிருந்தன. கூடம் முழுக்கக் கோந்து வாசனை. உறை ஒட்டி ஒட்டி அம்மாவின் விரலில் எப்போதும் இருந்த வாசனை. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள்.

இனி பேனாவைத் தொட மாட்டேன் என்றார் பெரியப்பா. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. மகள் அந்தப் பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை எடுக்க அந்த அறைக்குள் போனார். மணி ஒன்று. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டக்.

வேலை முடிந்து மகள் வந்தபோது உள்ளே குழந்தை போல விம்மிக்கொண்டிருந்தார். கதவில் பூட்டில்லை, தாழில்லை. ஆனால் அசையவில்லை. தோளால் இடித்தாள்... சுவரில் இடிக்கிற மாதிரி இருந்தது.

"எழுதித்தான் ஆகணும் போலிருக்குமா" என்றார் அப்பா உள்ளிருந்து.

எழுதினார். ஒவ்வொரு தாளாக அவர் தள்ளுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது... சர்ர். யாரோ வாங்கி இழுக்கிற சத்தமும் கேட்டது... சர்ர். ஆனால் அவள் நின்ற பக்கம் ஒரு தாளும் வரவில்லை. பன்னிரண்டாவது முடிந்ததும் கதவு தானாக விலகியது. திரும்பினால், அவள் முதுகுக்குப் பின்னால், ஸ்டூல் மேல் பன்னிரண்டும் அடுக்கியிருந்தன.

அன்றைக்கே அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். பயனில்லை. ஒரு மணிக்கு அவர் எந்த அறையில் இருக்கிறாரோ அந்த அறை பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் குளியலறை. ஒரு நாள் சமையலறை... காலண்டர் தாளிலும் சோப்பு சுற்றிய காகிதத்திலும் எழுதி முடித்து வெளியே வந்தார். தச்சரை வரவழைத்துக் கீல்களைக் கழற்றச் சொன்னாள். திருகுகள் எல்லாம் கழன்று தரையில் கிடக்கின்றன, கதவு மட்டும் நிற்கிறது. தச்சர் கதவைப் பார்த்தார், திருகுகளைப் பார்த்தார். "நாளைக்கு வரேன்மா" என்று போனவர்தான். உளிப்பை இன்னும் அங்கேயே கிடக்கிறதாம்.

"அம்மா ஏன்பா இப்படிச் செய்யறா?"

"நான்தானே சொன்னேன்... கத்தினாலும் திறக்காதேன்னு."

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் பரிசோதித்துவிட்டு மகளைத் தனியே அழைத்தார். "இதயம் பாதிதான் வேலை செய்யுது. தினம் அஞ்சு மணி நேரம் குனிஞ்சு எழுதினா ரெண்டு மாசம் தாங்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிடுங்க. அதுவரைக்கும் பேனாவை ஒளிச்சு வைங்க."

பேனாவை ஒளித்து வைக்கலாம். கதவை எங்கே ஒளிப்பது?

இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு மத்தியானம் பன்னிரண்டரைக்கே அவரைக் கூட்டிப் போய், பந்து விளையாடுகிற மைதானத்தின் நட்ட நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே எந்தக் கதவு சாத்தும்? ஒரு மணி... ஒன்றே கால்... இரண்டு. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணியைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு விடுதலை. வீட்டுக்குத் திரும்பினாலும் கதவுகள் சும்மா இருந்தன. பெரியப்பா குச்சி ஐஸ் வாங்கித் தின்று கையெல்லாம் ஒழுகவிட்டுச் சிரித்தார்.

பத்து நாள் அப்படியே போயிற்று. முப்பத்து நாலு வயதில் முதல் முறையாக அப்பாவோடு மத்தியானத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை காலம் கதவுக்குப் பின்னால் இருந்த மனிதர் இப்போதுதான் கைக்குக் கிடைத்திருக்கிறார், இவரைச் சாக விடக் கூடாது என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. ஏழு மணி நேரப் பயணம். கூட வேலை பார்ப்பவரின் பழைய காரைக் கேட்டு வாங்கினாள். தானே ஓட்டுவாள். பன்னிரண்டே முக்காலுக்கு வண்டியை நிறுத்திவிட்டு வெட்டவெளியில் இறங்கி நிற்க வேண்டும், ஒன்றே காலுக்கு ஏறிக்கொள்ளலாம். காலையிலிருந்து அவளுக்கு இதே சிந்தனை.

பதினொன்றரைக்கு அப்பா ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார். எழுதாத கதை, அவளுக்காக. பூமிக்கு அடியில் ஏழாவது அடுக்கில் மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண், ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறி வருகிறாள். அவர் குரலை ஏற்றி இறக்கிச் சொல்கிறார், மகள் குழந்தை மாதிரி "உம்" கொட்டுகிறாள். முதல் கதவு, இரண்டாவது கதவு... சாலையில் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் முள்காடு. நாலாவது கதவில் பெண் கையை வைக்கிறாள்...

டக். டக். டக். டக்.

நாலு கதவின் பூட்டுக்குமிழும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. இன்ஜின் அணைந்தது. வண்டி தானாக ஓரத்தில் போய் நின்றது. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று.

கதை கேட்டுக்கொண்டு நேரத்தை விட்டுவிட்டாள். நீங்களாக இருந்தாலும் விட்டிருப்பீர்கள்.

குமிழை இழுத்தாள், வரவில்லை. அவள் பக்கத்துக் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது, அதற்கு மேல் கைப்பிடி சுற்றவில்லை. செருப்பைக் கழற்றிக் கண்ணாடியை அடித்தாள், காலால் உதைத்தாள். ஒரு கீறல் விழவில்லை. வெயிலில் வண்டி கொதிக்க ஆரம்பித்தது. அப்பாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. வண்டிக்குள் மெல்லக் கோந்து வாசனை பரவியது.

"பேப்பர் இருக்காமா?"

"வேணாம்பா. டாக்டர் சொன்னார்ல..."

"எழுதலைன்னா ரெண்டு பேரும் வெந்து சாவோம். நீ இருக்கே உள்ள. குடு."

அவருடைய மருத்துவக் கோப்பு இருந்தது. பின்பக்கம் வெற்றாக இருந்த தாள்களை எண்ணினாள். சரியாகப் பன்னிரண்டு. பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

எழுதினார். அதே பெண், நாலாவது கதவு. ஒரு பக்கம் முடிந்ததும் மகளிடம் கொடுப்பார். அவள் படிப்பாள், கண்ணாடி இடுக்கில் நீட்டுவாள். வெளியே யாரும் இல்லை... ஆனால் தாள் சர்ரென்று இழுபடும். முள்காட்டில் ஒரு இலை கூட அசையாது. தாள் எங்கே போகிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. அப்பாவின் எழுத்தை அவள் படிப்பது இதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்லியிருக்கிறாள் என் நண்பனிடம். அந்த நிலையிலும், அந்த வெக்கையிலும், அடுத்த பக்கத்துக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தாளாம்.

மூன்றரைக்குப் பதினொரு பக்கம் முடிந்தது. அப்பா தலையை இருக்கையில் சாய்த்தார். இடது கையால் மார்பைப் பிசைந்துகொண்டார். மூச்சு கொரகொரவென்று இழுத்தது. இன்னும் ஒரு பக்கம் எழுதினால் செத்துவிடுவார் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே தாள். அதை எடுத்து, அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, தானே எழுதினாள்.

'அம்மா, போதும்மா. அப்பா செத்துப்போயிடுவார். திறந்து விடு.'

இடுக்கில் நீட்டினாள். சர்ர்... போய்விட்டது.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்பாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தத் தாள் அதே இடுக்கு வழியாக, மெதுவாக, உள்ளே வந்தது. அவள் எழுதியதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து. மணிமணியான எழுத்து, மை இன்னும் காயவில்லை.

'நான் பூட்டலையேம்மா. ஒரு நாளும் பூட்டலை. நான் வர்றதெல்லாம் திறக்கத்தான். உன் பக்கம் திறந்துட்டேன், சீக்கிரம் இறங்கு.'

அவள் பக்கத்துக் குமிழ் மேலே எழும்பியது. தள்ளினாள், கதவு திறந்துகொண்டது. சாலையில் போய் விழுந்தாள். எழுந்து உள்ளே கையை விட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கப்பா. திறந்தாச்சு. வாங்க."

அவர் வரவில்லை. அவள் கையிலிருந்த அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. மெல்ல அதை அவள் விரலிலிருந்து உருவினார். பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு பக்கம்தான்மா. அந்தப் பொண்ணு கடைசிக் கதவுல நிக்கறா. அவளை அப்படியே விட்டுட்டு நான் எப்படி வர்றது? நீ வெளிய நில்லு. முடிச்சதும் தர்றேன்."

அவள் பிடித்திருந்த சட்டைத் துணி கிழிந்துகொண்டு வந்தது. அவர் எட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் சுற்றிச் சுற்றி வந்து நாலு கதவையும் இழுத்தாள். கண்ணாடியில் தட்டினாள், அப்பா அப்பா என்று கத்தினாள். அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வலது கை எழுதியது. இடது கை கதவின் கைப்பிடியில் இருந்தது. கோந்து வாசனை போய்விட்டிருந்தது. அம்மாவும் போய்விட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. நடுச்சாலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கி இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுத்தார். மடியில் அந்தத் தாள் இருந்தது. கடைசி வரி பாதியில் நின்றிருந்தது.

லாரிக்காரர் ரொம்ப நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே நின்றார். எல்லாம் முடிந்து, அவள் நன்றி சொல்லப் போனபோதுதான் சொன்னார்.

"உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு தெரியலைம்மா. அந்தக் கார்ல ஒரு கதவு கூடப் பூட்டி இல்லை. குமிழ் நாலும் மேலதான் நின்னுச்சு. ஆனா மத்த மூணு கதவும் அசையலை, அவர் பக்கத்துக் கதவை இழுத்தேன், உள்ளயிருந்து இழுத்துப் பிடிச்சாரு. எனக்குத் தெம்பு பத்தலை, அதான் கண்ணாடியை உடைச்சேன். கையை உள்ள விட்டு அவரைத் தொட்டா... அந்த வெக்கையில உடம்பு சில்லுனு கிடக்குது. உசுரு போயி ரெண்டு மணி நேரமாவது ஆயிருக்கும்மா. ஆனா விரலை ஒவ்வொண்ணா நான் பிரிச்சு எடுக்கற வரைக்கும்... இழுத்துக்கிட்டேதான் இருந்தாரு."